மொழி தெரியாத நாடுகளில் மோட்டார் சைக்கிள் பயணம் (1912–1977)

1912ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்து இரண்டு அமெரிக்க இளைஞர்கள் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டனர். ஒருவர் கார்ல் ஸ்டெர்ன்ஸ் கிளான்சி, வயது 22. மற்றவர் வால்டர் ஸ்டோரி. டெட்ராய்ட் நகரின் ஹெண்டர்சன் நிறுவனம் அந்த ஆண்டுதான் விற்பனைக்குக் கொண்டுவந்த நான்கு சிலிண்டர் வண்டிகளை அவர்கள் வைத்திருந்தனர். ஸ்டோரி பாரிஸ் நகரோடு நின்றுகொண்டார். கிளான்சி தனியாக ஸ்பெயின், அல்ஜீரியா, துனிசியா என்று சென்று, கப்பலேறி இலங்கை வந்து, பிறகு கிழக்காசியா, ஜப்பான் வழியாக அமெரிக்காவை அடைந்து, 1913 ஆகஸ்டில் நியூயார்க் சேர்ந்தார். மொத்தம் ஏறத்தாழ 18,000 மைல். மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் என்று பொதுவாக அவரையே குறிப்பிடுகிறார்கள்.

இத்தகைய பயணங்களைப் பற்றிய குறிப்புகளில் வண்டியின் குதிரைத்திறன், தூரம், பஞ்சரான டயர்கள் எல்லாம் விவரமாக இருக்கும். வழியில் இருந்தவர்களோடு பயணி எப்படிப் பேசினார் என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கிளான்சியின் பாதையில் ஸ்பானிஷ், அரபு, பெர்பர், சிங்களம், தமிழ், சீனம், ஜப்பானியம் ஆகிய அத்தனை மொழிகளும் இருந்தன.

துபாஷிக்கு இடமில்லாத வண்டி

முற்காலப் பயணிகள் மொழிபெயர்ப்பாளரை உடன் அழைத்துச் சென்றனர். ஒட்டக வரிசையிலும் கப்பலிலும் அதற்கு இடம் இருந்தது. ஐரோப்பிய வணிகர்கள் சோழமண்டலக் கரையில் தொழில் நடத்தியதே துபாஷிகளை நம்பித்தான். புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு அந்தப் பதவியின் செல்வாக்கு விளங்கும். மோட்டார் சைக்கிளில் துபாஷிக்கு இருக்கை கிடையாது. பின்னிருக்கையிலும் சைடுகாரிலும் கூடாரமும் கருவிகளும் பெட்ரோல் டின்களும் ஏறிவிடும். அகராதியை எடுத்துப் போனாலும் ஓட்டிக்கொண்டே அதைப் புரட்ட முடியாது. ரயில் பயணி பேசாமலே ஒரு நாட்டைக் கடந்துவிடலாம். இரு சக்கர வண்டியில் போகிறவர் மழையில் நனைகிறார், பள்ளத்தில் விழுகிறார், ஒவ்வொரு கிளைச்சாலையிலும் நிறுத்தி வழி கேட்கிறார். ஆகவே மொழி தெரியாதவருக்கு மிகவும் கடினமான வாகனம் இதுதான் எனலாம்.

இந்தச் சிக்கலுக்கு அரசுகள் கண்ட முதல் தீர்வு படக்குறிகள். 1909 அக்டோபரில் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு மோட்டார் வாகனங்களுக்கான உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. மேடுபள்ளம், வளைவு, சாலைச் சந்திப்பு, ரயில்வே கடவுப்பாதை ஆகிய நான்கு அபாயங்களுக்கும் எழுத்தில்லாத குறிகளை அது வகுத்தது. இன்று ஓட்டுநர் உரிமத் தேர்வில் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் குறிகளுக்கு மூலம் இந்த நான்கும்தான். 1926, 1931, 1949, 1968 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகள் அவற்றைப் பெருக்கின. ஆனால் குறி நடப்படுவதற்கு முதலில் சாலை வேண்டும். ஐரோப்பாவைத் தாண்டியதும் பயணிகளுக்கு அந்தக் குறிகள் அநேகமாக உதவவில்லை.

இரண்டாவது தீர்வு காகிதம். வண்டியை ஒரு நாட்டுக்குள் கொண்டுபோய் விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுபோவதற்கு உறுதியளிக்கும் ‘கார்னே’ என்ற சுங்கப் புத்தகத்தை மோட்டார் சங்கங்கள் வழங்கின. ஒவ்வொரு தாளிலும் உள்ளே நுழைவதற்கு ஒரு பகுதி, வெளியேறுவதற்கு ஒரு பகுதி, அடிக்கட்டை ஒன்று. சுங்க அதிகாரி முத்திரையிட்டுக் கிழித்துக்கொள்வார். ஒரு சொல்கூடப் பேச வேண்டியதில்லை. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் இப்படித்தான்: ஒரே பக்கம் பல மொழிகளில் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்ட சிறு புத்தகம். நம்முடைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் இன்றும் விண்ணப்பித்துப் பெறலாம்.

‘இங்கே வா’

கிளான்சி இலங்கைக்கு வந்தபோது அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. மலைப்பகுதிச் சாலைகளும் பாலங்களும் முதலில் படை நடமாட்டத்துக்காகவும் பிறகு காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்காகவும் போடப்பட்டவை. ஆங்கிலம் பேசும் பயணிக்குத் துறைமுகத்தில், தபால் நிலையத்தில், ஓய்வு விடுதியில் எங்கும் மொழித் தடை இல்லை. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தமிழர்கள். புதிதாக வரும் வெள்ளைக்கார உதவித் துரைகளுக்குத் தமிழ் கற்றுத்தரக் கொழும்பில் 19ஆம் நூற்றாண்டிலேயே கையேடுகள் அச்சாயின. அவற்றில் நன்கு அறியப்பட்ட ஒன்றின் தலைப்பு ‘இங்கே வா, அல்லது சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ்க் கையேடு’ என்று பொருள்படும். வெளியிட்டவர்கள் ஃபெர்குசன் குடும்பத்தார். ஒரு மொழியைக் கற்கும் நூலின் தலைப்பே ஏவல் வினையாக இருப்பது கவனிக்கத்தக்கது. ‘ஐயா, இந்தச் சாலை எங்கே போகிறது?’ என்று கேட்பதற்காக எழுதப்பட்ட நூல் அல்ல அது.

அக்காலப் பயணி மொழி தெரியாமல் பயணம் செய்தார் என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருக்கு உள்ளூர் மொழி தெரியாது. ஆனால் அவருடைய மொழி பல ஊர்களில் ஆட்சிமொழியாக அவருக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தது.

எழுத்து தெரியும், பொருள் தெரியாது

1932இல் லண்டனில் நடந்த ஒரு விருந்தில், எப்படி ஊர் திரும்பப் போகிறீர்கள் என்று கேட்டவரிடம், உலகைச் சுற்றி மோட்டார் சைக்கிளில் போகப்போகிறேன் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார் ராபர்ட் எடிசன் ஃபுல்டன் என்ற 23 வயது அமெரிக்கர். கட்டடக்கலை படித்தவர். அதே மேசையில் டக்ளஸ் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தைச் சேர்ந்த கென்டன் ரெட்கிரேவ் அமர்ந்திருந்தார்; வண்டி தருகிறேன் என்றார். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாமல் ஃபுல்டன் அந்தக் கோடையிலேயே கிளம்பினார். அடித்தட்டுக்குள் ஒரு கைத்துப்பாக்கியை ஒளித்து வைத்திருந்தார். பால்கன் நாடுகள், துருக்கி, சிரியா, இராக், இந்தியா, ஆப்கன் எல்லை, தென்கிழக்காசியா, சீனா, ஜப்பான் என்று சென்று, 1933ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நியூயார்க் சேர்ந்தார். 1937இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் ‘ஒற்றை ஆள் ஒட்டக வரிசை’ என்று பொருள் தரும்.

ஃபுல்டன் துருக்கிக்குள் நுழைந்த காலம் மொழி வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. 1928 நவம்பரில் முஸ்தபா கெமால் அரசு அரபு எழுத்தைக் கைவிட்டு, லத்தீன் எழுத்தைச் சட்டமாக்கியது. ஆகவே 1932இல் அங்குள்ள பெயர்ப்பலகைகள் நான்கு வயதுகூட நிரம்பாதவை. வெளிநாட்டவர் அவற்றை எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம்; பொருள் மட்டும் தெரியாது. ஊர்ப் பெயர்களைப் படிக்க முடிந்ததே பெரிய உதவி. எல்லையைக் கடந்து சிரியாவுக்குள் போனதும் மீண்டும் அரபு எழுத்து. ஆனால் சிரியா அன்று பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்ததால் பிரெஞ்சும் உடன் இருந்தது.

சைகை எங்கும் ஒன்றே என்பது பலருடைய எண்ணம். அது சரியல்ல. பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் அசைத்தால் இல்லை என்று பொருள். கிரேக்கத்திலும் துருக்கியிலும் தலையைப் பின்னால் நிமிர்த்தி, நாக்கைத் தட்டி ஓர் ஒலி எழுப்பினால் அது மறுப்பு. தமிழ்நாட்டுத் தலையாட்டலைக் கண்டு குழம்பாத வெளிநாட்டுப் பயணி அரிது. நெடுந்தூரம் ஓட்டியவர்கள் எல்லோரும் விரைவில் கற்றுக்கொண்ட ஒரு பாடம் உண்டு: கையை நீட்டி, ‘இதுதானே அந்த ஊருக்குப் போகும் வழி?’ என்று கேட்கக் கூடாது. விருந்தினரை ஏமாற்ற மனமில்லாதவர் ஆமாம் என்றே சொல்லிவிடுவார். ஊரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பதில் சொல்பவர் தானே கையை நீட்டுவார். அதிலும் வரைபடத்தின் உச்சரிப்பு ஊராருக்குப் புரிய வேண்டும். பழைய ஆங்கில வரைபடத்தை வைத்துக்கொண்டு ‘ட்ரிச்சினாபோலி’ எங்கே என்று காவிரிக்கரைக் கிராமத்தில் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சகாராவில் இரு பெண்கள்

இவ்வரிசையில் மிகவும் கவனத்துக்குரிய பயணம் 1934 டிசம்பர் 11 அன்று லண்டனில் தொடங்கியது. தெரசா வாலாக், ஃப்ளாரன்ஸ் பிளென்கிரன் என்ற இரு பெண்கள், 600 சிசி திறனுள்ள ஒற்றைச் சிலிண்டர் பாந்தர் வண்டியில், சைடுகாரும் பின்னே இழுவை வண்டியும் பூட்டிக்கொண்டு, ஆப்பிரிக்காவின் தென்முனைக்குப் புறப்பட்டனர். இருவரும் கற்றுக்குட்டிகள் அல்லர். வாலாக் லண்டனில் பொறியியல் படித்தவர். பிளென்கிரன் அதே 1934இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டிய முதல் பெண். அல்ஜியர்ஸ் நகரிலிருந்து தெற்கே சகாராவைக் கடந்தார்கள். அவர்களிடம் திசைகாட்டி இல்லை.

பாதையைப் பார்த்தால் மொழிகளின் அடுக்கு தெரியும். அல்ஜீரியாவிலும் நைஜரிலும் அதிகார மொழி பிரெஞ்சு. நைஜீரியாவில் ஆங்கிலம். பெல்ஜியக் காங்கோவில் மீண்டும் பிரெஞ்சு. உகாண்டா முதல் தெற்கே ஆங்கிலம். ஒரு கண்டத்தை நீளவாட்டில் கடக்க அலுவலகங்களுக்கு இரண்டே மொழிகள் போதுமானதாக இருந்தன. அந்த இரண்டும் ஆப்பிரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்தவை. அவற்றுக்குக் கீழே சந்தைகளின் மொழிகள் இருந்தன: வடக்கே அரபு, பாலைவனத்தில் துவாரெக் மக்களின் தமாஷெக், அதற்குத் தெற்கே ஹௌசா, காங்கோ ஆற்றுப் பகுதியில் லிங்காலா, கிழக்கே சுவாஹிலி. ஹௌசா, லிங்காலா, சுவாஹிலி மூன்றும் தாய்மொழியாகக் கொண்டவர்களைக் காட்டிலும் வெகுதூரம் பரவிய வணிக மொழிகள். பல மொழி பேசும் மக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஏற்படுத்திக்கொண்டவை. அந்த வகையில், மொழி தெரியாமல் பயணம் செய்வது அந்த வட்டாரத்தில் புதிய செய்தியே அல்ல. உப்பு ஏற்றிய ஒட்டக வரிசைகள் பல நூற்றாண்டுகளாக அதைத்தான் செய்துவந்தன.

சகாராவின் தென்விளிம்பில் அகடெஸ் என்ற ஊர் இருக்கிறது. மண்ணால் கட்டப்பட்ட அதன் உயர்ந்த மசூதிக் கோபுரம் தொலைவிலிருந்தே தெரியும். அங்கே பாந்தரின் எஞ்சினை முழுவதுமாகப் பிரித்து மறுபடி கோக்க வேண்டியதாயிற்று. துவாரெக், ஹௌசா, அரபு, பிரெஞ்சு என்று நான்கு மொழிகள் புழங்கிய ஒரு பாலைவனச் சந்தையூரில், பட்டறை இல்லாமல், ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்து பார்க்கலாம். தண்ணீர், நிழல், விளக்கு, துணி, கொட்டிவிடாமல் உதிரிகளை வைக்க ஒரு பாத்திரம் என்று ஒவ்வொன்றையும் யாரிடமாவது கேட்டுத்தான் பெற வேண்டும். ஓடும் வண்டி தன் ஓட்டுநரை ஊராரிடமிருந்து விலக்கி வைக்கிறது. நின்றுபோன வண்டி அவரை ஊராரிடம் ஒப்படைத்துவிடுகிறது.

அந்த நிலையில் கைகொடுப்பது எந்திரத்தின் சொற்கள். தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘பூழி’ என்பார்கள். அதன் பழைய பொருள் மெழுகுவர்த்தி. அல்ஜீரியாவின் கடற்கரை நகரமான பெஜாயாவைப் பிரெஞ்சில் ‘பூழி’ என்றே அழைத்தனர். அங்கிருந்து ஏற்றுமதியான மெழுகுதான் மெழுகுவர்த்திக்கு அந்தப் பெயரைத் தந்தது. துருக்கியர் அதை ‘பூஜி’ என்றும், ஸ்பானியர் ‘புகியா’ என்றும் சொல்கிறார்கள். எகிப்திய அரபிலும் அதன் சாயலே. ஆகவே அல்ஜீரியாவில் பழுதுபார்ப்பவரிடம் ஸ்பார்க் பிளக் கேட்கும் ஐரோப்பியர், தெரிந்தோ தெரியாமலோ, அந்த நாட்டின் ஊர்ப் பெயர் ஒன்றைத்தான் உச்சரிக்கிறார். சுவாஹிலியில் டயர் ‘டைரி’, பிரேக் ‘ப்ரேகி’, பேட்டரி ‘பெட்ரி’. மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் கடன் வாங்காமல் அதன் ஓசையையே பெயராக்கிக்கொண்டார்கள்: ‘பிக்கிபிக்கி’. தமிழ்நாட்டு மெக்கானிக் கடையில் கிளட்ச், பிஸ்டன், கார்புரேட்டர், பஞ்சர் எல்லாம் தமிழ்ச் சொற்களாகவே புழங்குவதை இதோடு ஒப்பிடலாம்.

எரிபொருளுக்கும் சொல் தேவைப்படவில்லை. நான்கு காலன் தகர டின்கள், மரப்பெட்டிக்கு இரண்டாக, நிறுவனத்தின் சின்னம் பொறித்து ஆப்பிரிக்கா, ஆசியா முழுவதும் போயின. காலியான டின்னுக்குக் கைப்பிடி அடித்துத் தமிழ்நாட்டு வீடுகளில் தண்ணீர் சுமந்தார்களே, அதே டின்தான்.

1935 ஜூலை 29 அன்று இருவரும் கேப் டவுன் சேர்ந்தனர். வாலாக் 1939இல் புரூக்லாண்ட்ஸில் தாமும் 100 மைல் வேகத்தை எட்டினார். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படையில் மோட்டார் சைக்கிள் தூதராகப் பணியாற்றினார். பின்னர் அமெரிக்கா சென்று மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டார். அவர் 1999இல் காலமானார். ஆப்பிரிக்கப் பயணம் பற்றிய அவருடைய நூல் 2001இல்தான் வெளிவந்தது.

எங்கும் காத்திராத மொழி

கிளான்சி, ஃபுல்டன், வாலாக், பிளென்கிரன் நால்வருக்கும் தாய்மொழி ஆங்கிலம். அப்படி அல்லாதவர் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இரு ஹங்கேரியர்கள். சோல்டான் சுல்கோவ்ஸ்கி, ஜூலா பார்த்தா என்ற அந்த நண்பர்கள் சைடுகார் பூட்டிய ஹார்லி-டேவிட்சன் வண்டியில் 1928 முதல் 1936 வரை உலகைச் சுற்றினர். ஹங்கேரியன் மொழிக்கு அண்டை நாடுகளில்கூட உறவு கிடையாது. ஃபின்னிய, எஸ்தோனிய மொழிகள் தொலைதூர உறவினர். எந்தத் துறைமுகத்திலும் எந்தச் சுங்கச்சாவடியிலும் அவர்களுடைய மொழி ஆட்சிமொழியாகக் காத்திருக்கவில்லை. கையில் பணமும் அதிகம் இல்லை. சொற்பொழிவாற்றியும் படங்கள் விற்றும் செலவுக்குச் சம்பாதித்தபடியே சென்றார்கள். பிழைப்புக்கே பேச வேண்டியிருந்ததால் போகிற இடத்தின் பொதுமொழியைக் கற்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. மற்றவர்களுடைய பயணங்கள் மாதக் கணக்கில் முடிந்திருக்க, இவர்களுடையது 8 ஆண்டுகள் நீண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பேரரசுகளுக்குப் பிறகு

1973 அக்டோபர் 6 அன்று டெட் சைமன் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் லண்டனிலிருந்து 500 சிசி ட்ரையம்ப் வண்டியில் கிளம்பினார். அதே நாளில்தான் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலும் போரில் இறங்கின. அவருடைய பாதையோ எகிப்து வழியாகச் சென்றது. அவர் நான்கு ஆண்டுகளில் 45 நாடுகளைச் சுற்றி 1977இல் திரும்பினார். அதற்குள் ஆப்பிரிக்க, ஆசியப் பேரரசுகள் பெரும்பாலும் கலைந்துவிட்டன. பழைய ஆட்சிமொழிகள் அலுவலகங்களில் தங்கியிருந்தாலும், முத்திரை இப்போது அந்தந்த நாட்டவர் கையில்.

சைமனுக்கு மொழி உண்மையிலேயே ஆபத்தானது ஆப்பிரிக்காவில் அல்ல, பிரேசிலில். மொசாம்பிக்கிலிருந்து கப்பலில் ஃபோர்ட்டலேசா துறைமுகத்துக்கு வந்திறங்கினார். பிரேசில் அன்று ராணுவ ஆட்சியில் இருந்தது. போலீசார் அவரைச் சந்தேகத்தின் பேரில் பல நாள்கள் அடைத்து வைத்தனர். அங்கே பேச்சு போர்ச்சுகீசிய மொழியில். வழி தெரியாதவர் மொழி தெரியாமல் நிற்பது ஒன்று. விசாரணையில் இருப்பவர் மொழி தெரியாமல் நிற்பது வேறு. பக்கத்து அறையில் பேசப்படுவது தன்னைப் பற்றியா, இரவு உணவைப் பற்றியா என்று தெரியாத நிலை அது. சாலையில் புன்னகையும் சைகையும் செலாவணியாகும். காவல் நிலையத்தில் அவை செல்லாக் காசு. அந்த நாள்களைப் பற்றி அவர் எழுதிய பகுதி, 1979இல் வெளிவந்த ‘ஜூபிடரின் பயணங்கள்’ நூலில் மிகவும் கனமான பகுதிகளுள் ஒன்று.

அந்தத் தலைப்பு வந்தது இந்தியாவில். அங்கே குறி சொல்பவர் ஒருவர் அவரை ஜூபிடர், அதாவது வியாழன், என்று சொன்னார். ஆங்கிலத்தோடு, பிரிட்டிஷ் வண்டிகளுக்குப் பழகிய மெக்கானிக்குகளும் அன்றைய இந்தியாவில் இருந்தனர். சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் 1955 முதலே தயாராகிவந்ததல்லவா? 2001இல், 70 வயதை நெருங்கிய நிலையில், சைமன் அதே பாதையில் மீண்டும் ஒருமுறை சென்றார்.

பதிவுகளும் பெயர்களும்

இந்தப் பயணங்களில் வண்டியின் தயாரிப்பு, புறப்பட்ட தேதி, சேர்ந்த தேதி எல்லாம் நமக்குத் தெரியும். வாலாக்கும் பிளென்கிரனும் போன பாதையில் கிணற்றைக் காட்டியவர், மணலில் புதைந்த சக்கரத்தைத் தோள்கொடுத்துத் தூக்கியவர், தன் வீட்டுத் திண்ணையை இரவுக்குத் தந்தவர் போன்றோரின் பெயர்கள் பொதுவாகக் கிடைக்கும் வரலாற்றுச் சுருக்கங்களில் இல்லை. மொழி தெரியாததால் பெயர் கேட்கப்படாமல் போனதும் உண்டு. கேட்டுத் தவறாக எழுதப்பட்டதும் உண்டு. பயணி தன் மொழியில் நூல் எழுதினார். உதவியவர்கள் அந்த நிகழ்ச்சியைத் தங்கள் மொழியில் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்கள். அது அச்சாகவில்லை.

ஃபுல்டன் தம் வண்டியில் திரைப்படக் கருவி ஒன்றையும் கொண்டுசென்றார். துருக்கி முதல் ஜப்பான் வரை தாம் கண்ட மனிதர்களைப் படச்சுருளில் பதிவு செய்தார். பின்னாளில் அவர் பறக்கும் கார் ஒன்றையும், தரையில் இருப்பவரை ஓடும் விமானம் மேலே தூக்கிக்கொள்ளும் ‘ஸ்கைஹுக்’ என்ற கருவியையும் உருவாக்கிப் புகழ்பெற்றார். 1983இல் அந்தப் பழைய சுருள்களைக் கொண்டு தம் பயணத்தைப் பற்றிய படம் ஒன்று வெளியிட்டார். 2004இல், 95ஆம் வயதில் காலமானார். சாலையோரம் அவர் படம்பிடித்த அந்தச் சுருள்களில் ஒலி கிடையாது.